ஆளுக்கு ஒரு கம்பி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. ஆமாம், நானேதான். உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பீர்கள். அண்ணன் எடுத்து, பிரித்து, "பாவம், எழுதியிருக்கா, படியேன்" என்று நீட்டியிருப்பான். எப்படியோ படிக்கிறீர்கள் அல்லவா, அது போதும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நாம் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை, மூன்றாவது நிமிடம் அண்ணன் பிடுங்கிக்கொண்டு சமாதானம் பேசுவான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. நான் கடைசி வரைக்கும் சொல்லிவிடலாம்.

விஷயம் இதுதான். இங்கே நடன மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் வாசிக்கிற குழுவில் லீட் கிட்டார்காரர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். ஆள் தேடுகிறார்கள். குழுவுக்குத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், டிரம்ஸ் வாசிப்பவர். அவர் கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது நானாகவே வாயைக் கொடுத்துவிட்டேன். மார்ச் 30, மாலை நான்கு மணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பழைய ராக் அண்ட் ரோல் மட்டும்தான். பாட்டு நடுவில் கிட்டார் தனியாக வருகிற லீட்டில் எதை வாசிப்பாய் என்று கேட்டார். பாட்டை ஓட்டமாய் ஓட்டுகிறார் என்று நாம் பெயர் வைத்த ரெக்கார்டு வாத்தியார், நம் அவசரக்காரருடையது என்று சொல்லிவிட்டேன்.

அதை நான் மட்டும் எப்படி வாசிப்பது? அந்த ரெக்கார்டில் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் கேட்கிறது, அட்டைப்படத்திலும் இரண்டு பேர் கிட்டாரோடு நிற்கிறார்கள், ஆகவே இது இரண்டு பேர் வாசிப்பது என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவர் நீங்கள். மெல்லிய முதல் கம்பி உங்களுக்கு, இரண்டாவது கம்பி எனக்கு. மூன்று வருடம் ரெக்கார்டு முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்து, ஆளுக்கு ஒரு கம்பியாகப் பிரித்துப் படித்தோம். இப்போது என்னிடம் பாதி லீட் இருக்கிறது. பாதி லீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன். "ஒரு இடத்துக்கு ரெண்டு பேரா? சரி, வாங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். நல்ல மனிதர். ஆகவே நீங்கள் வர வேண்டும். ரயிலில் நான்கு மணி நேரம்தான்.

இன்னொன்று. நீங்களும் அண்ணனும் அந்த ஊருக்கு வீடு மாறும்போது நாம் முகம் கொடுத்துப் பேசாததால் ரெக்கார்டு பிளேயர் உங்கள் லாரியில் ஏறிவிட்டது. நாற்பத்தொரு ரெக்கார்டும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தினமும் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிளேயரை அனுப்பி வையுங்கள்.

எங்கள் கம்பெனி ஆண்டுவிழாவில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. நீங்கள் அன்றைக்கு அரைத் தாளம் பின்னால் வந்தீர்கள் என்பதையும் எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
வாலு


மார்ச் 7

அன்புள்ள வாலுக்கு,

உறையைக் கவிழ்த்து வைக்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது, இறக்கிவிட்டுப் படித்தேன்.

எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுதுவதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது. சரி, நானும் எழுதுகிறேன். நான் பின்னால் வரவில்லை, நீ முன்னால் ஓடினாய். முன்வரிசையில் உன் மேலதிகாரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் உனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு சுரமும் ஒரே நொடியில் விழ வேண்டிய இடத்தில் உன்னுடையது முதலில், என்னுடையது பிறகு என்று நொண்டியடித்தது. இருநூறு பேர் மரியாதைக்குக் கைதட்டினார்கள். கீழே இறங்கி வந்தால் உன் அண்ணன், "ரெண்டு பேரும் நல்லாத்தான் வாசிச்சீங்க, தனித்தனியா" என்கிறார். அந்தத் "தனித்தனியா" இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நீ அதற்குப் பிறகு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அண்ணிக்கு வயசாயிடுச்சு" என்றாய். எனக்கும் உனக்கும் பதினான்கு மாதம்தான் வித்தியாசம். அதற்குத்தான் நான் நான்கு மாதம் பேசவில்லை. தாளத்துக்காக அல்ல.

பிளேயரை அனுப்ப மாட்டேன். ரயில்காரர்கள் தூக்கிப் போடுகிற அழகுக்கு முள் மட்டும்தான் உனக்கு மிஞ்சும். நீ அந்த ஒரு ரெக்கார்டை அனுப்பு. கேட்டுப் பார்த்து என் பகுதியைச் சரிசெய்துகொள்கிறேன். உன் பகுதி உனக்குத் தூக்கத்திலேயே வரும்.

இந்த ஊரில் எனக்குப் பல் செய்கிற பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க மற்றவர்களுடைய சிரிப்பைச் செய்துகொண்டிருக்கிறேன், என்னோடு சிரிக்கத்தான் ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் கதவைத் திறக்கும்போது மட்டும். சாயங்காலம் பின் அறையில் கிட்டாரை எடுத்து என் ஒரு கம்பியை வாசிக்கிறேன். எதிரே நீ இல்லாததால் அது பாட்டாகவே இல்லை, கதவுக் கீல் சத்தமாக இருக்கிறது.

முப்பதாம் தேதிக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். முதலாளி முனகினார், ஆனால் மறுக்கவில்லை. வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணி,

வருகிறேன் என்ற வார்த்தையைப் படித்துவிட்டு லிஃப்ட் மோட்டார் அறையிலேயே ஒரு குதி குதித்தேன். தலை இடித்தது. வீங்கியிருக்கிறது, சந்தோஷ வீக்கம்.

வயசாயிடுச்சு என்று நான் சொன்னது தப்பு. வாய் தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். மன்னித்துவிடுங்கள். நான் முன்னால் ஓடினேனா என்பதை நேரில் விவாதிக்கலாம்.

ரெக்கார்டை இத்தோடு அனுப்புகிறேன். லிஃப்ட் கதவுக் கண்ணாடி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, இரண்டு பக்கமும் பலகை வைத்து, நடுவில் என் பழைய ஸ்வெட்டரைச் சுற்றியிருக்கிறேன். ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மதிய இடைவேளையில் மோட்டார் அறைக்குக் கிட்டாரும் அதன் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பும் கொண்டுபோய்ப் பழகுகிறேன். பத்தாவது மாடிக்கு மேலே, யாருக்கும் தொந்தரவில்லை. என் பகுதி சுத்தமாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. அவசரக்காரர் அந்த இடத்துக்கு வரும்போது கிட்டார் உறுமுமே, அந்த உறுமல். நாம் அதற்காக எவ்வளவு கூத்தடித்தோம்! ஆம்பைத் தகர டப்பாவுக்குள் வைத்தோம், குளியலறையில் வைத்தோம், ஸ்பீக்கர் காகிதத்தில் நீங்கள் ஊசியால் ஓட்டை போட்டீர்கள். இரண்டு ஆம்பும் சாதுவாகவே இருந்தன. சிக்கனக்காரருடைய ரெக்கார்டிலும் அதே உறுமல் இருக்கிறது. நாலு சுரம்தான் வாசிப்பார் என்று நாம் பெயர் வைத்த மனிதர், அவரும் அந்த இடத்தில் உறுமுகிறார். அந்தக் காலத்து வாத்தியார்கள் எல்லோரும் சேர்ந்து நம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் அண்ணி. கேட்கவும் முடியாது, ரெக்கார்டிலிருந்து இறங்கி வரவா போகிறார்கள்?

வாலு


மார்ச் 16

அன்புள்ள வாலுக்கு,

ரெக்கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இங்கே மூன்று நாளாக மழை. மாடிப்படிக்கு வெள்ளையடிக்கிறார்கள், மழையில் எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் முதல்முறையாகக் கதவைத் திறக்காமலேயே, ஜன்னல் வழியாக என்னிடம் பேசினார். முன்னேற்றம்தான்.

விரலில் சின்னக் காயம். பிளாஸ்டர் அச்சைச் சீவும்போது கத்தி வழுக்கி இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அண்ணனிடம் கேட்டால் பெரிதாகச் சொல்வார், நம்பாதே.

நீ உன் பகுதியை அப்படியே, நாம் பழகியபடியே வாசித்துக்கொண்டிரு. புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம். உறுமல் வராவிட்டால் போகட்டும், அது இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

என்ன ஆயிற்று உங்களுக்கு?

நீங்கள் எனக்கு மழையைப் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. வெள்ளையடிப்பதைப் பற்றி நான்கு வரி! "உறுமல் இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதியது நீங்கள்தானா? ஸ்பீக்கரில் ஓட்டை போட்ட அதே அண்ணியா?

அண்ணனுக்குப் போன் செய்தேன். "உங்கண்ணி இப்பல்லாம் பின் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கிறா. கேட்டா நல்லா இருக்கு. நான் உள்ள போனா டக்குன்னு நிறுத்திடுறா. ஒருநாள் அழுதிருந்த மாதிரி இருந்துச்சு, வெங்காயம்னா. வீட்ல வெங்காயமே இல்ல" என்கிறான்.

விரல் மோசமாக இருக்கிறது, என்னிடம் மறைக்கிறீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. வர முடியாது என்று சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று நினைக்கிறீர்கள். கேளுங்கள், விரலை வைத்துக்கொண்டு நீங்கள் அவஸ்தைப்பட வேண்டாம். நாளை மறுநாள் வரைக்கும் பார்ப்பேன், இல்லை, உங்கள் பதில் வரும் வரைக்கும் பார்ப்பேன். முடியாது என்றால் கண்ணாடிக் கடைக்காரரிடம் வேறு ஆளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இல்லாமல் நான் பாதி லீட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க மாட்டேன்.

அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் கிரீஸ், இரும்பு, "எப்பம்மா சரியாகும்" என்கிற ஆட்கள். வாரத்தில் ஒருநாள் மேடையில் நின்றால் அந்த ஆறு நாளும் ஓடிவிடும். ஆனாலும் உங்கள் விரல் அதைவிட முக்கியம்.

வாலு


மார்ச் 23

என் வாலுக்கு,

கண்ணாடிக் கடைக்காரரிடம் எதுவும் சொல்லாதே. இதை நின்றபடியே படிக்காதே, உட்கார். பக்கத்தில் கிட்டாரை வைத்துக்கொள்.

என் விரல் நன்றாக இருக்கிறது. நன்றாக இல்லாதது நான்தான்.

காயம் பட்டது பதினான்காம் தேதி காலையில். அன்று சாயங்காலம் உன் ரெக்கார்டு வந்தது. மனசு கேட்கவில்லை, கட்டோடேயே கிட்டாரை எடுத்தேன். நுனியால் அழுத்தினால் உயிர் போகிறது. அதனால் விரலைப் படுக்கப் போட்டு, சதையால் அழுத்தினேன். படுத்த விரல் முதல் கம்பியோடு இரண்டாவது கம்பியையும் சேர்த்து அமுக்கிவிட்டது. வலது கையில் இருந்த பிக் இரண்டிலும் பட்டது. வாலு, என் கம்பியும் உன் கம்பியும் ஒரே கிட்டாரில், ஒரே அடியில் கேட்டன. அரைத் தாளம் முன்னால் இல்லை, பின்னால் இல்லை. கூடவே ஆம்ப் உறுமியது.

நான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன், திரும்ப உறுமியது. ரெக்கார்டைப் போட்டேன். அச்சு அசல்.

அவசரக்காரர் ஒரே ஆள்தான். அட்டைப்படத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பின்னணிக்கு வாசிக்கிறவராக இருக்கும். இரண்டு சுரமும் ஒரே ஆம்புக்குள் போய் ஒன்றோடொன்று மோதும்போதுதான் அந்த உறுமல் வருகிறது. நாம் ஆளுக்கு ஓர் ஆம்ப் வைத்துக்கொண்டு வாசித்ததில் இரண்டும் சந்திக்கவே இல்லை. கார்டு என்று பல சுரத்தை ஒன்றாக வாசிக்கும்போது ஆறு கம்பியையும் சேர்த்துத் தட்டுகிறோம், லீட் என்றால் மட்டும் ஒரு கம்பிதான் என்று நமக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். முதல் நாள் தீர்ப்பு என்னுடையது. மூன்று வருடம் உன்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். எடுத்தேன், எண்ணைச் சுழற்றக்கூடச் செய்தேன், வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், திட்டாமல் படி. இது தெரிந்தால் உனக்கு என் பாதி வேண்டாம். என் பாதி வேண்டாம் என்றால் நான் எதற்கு ரயில் ஏற வேண்டும்? நான்கு மாதத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதியதே பாதி லீட்டுக்காகத்தான். அதுவும் போய்விட்டால் இந்த ஊரில் நான், அடுத்தவர் பல், எதிர்வீட்டு ஜன்னல், அவ்வளவுதான். பயந்துவிட்டேன். அதனால்தான் உனக்கு மழையைப் பற்றி எழுதினேன். புதிதாக எதையும் முயற்சி செய்யாதே என்று எழுதினேன் பார், அதைத் தபாலில் போட்ட பிறகு எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நீயானால் என் விரலுக்காக அந்த இடத்தையே விட்டுவிடுகிறேன் என்கிறாய். அதைப் படித்த பிறகும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

இனிப் பாடம். ஆள்காட்டி விரலை நுனியில் நிறுத்தாதே, முதல் கணு வரைக்கும் படுக்க வை. இரண்டு மெல்லிய கம்பிகளும் அதன் கீழே வர வேண்டும். பிக்கை ஒரு கம்பியில் நிறுத்தாமல் இரண்டையும் ஒரே வீச்சில் அடி. சுரம் வளைகிற இடத்தில் மூன்றாவது விரல் பக்கத்துக் கம்பியைத் தள்ளும், ஆனால் படுத்த விரல் எழுந்திருக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் சதை எரியும். பிறகு வந்துவிடும், ஏனென்றால் உன் பாதி உன் காதில் இருக்கிறது, என் பாதியும் மூன்று வருடமாக உன் காதில் இருக்கிறது.

விடுப்பை ரத்து செய்துவிட்டேன். நீ தனியாகப் போ. நன்றாக வாசி.

அண்ணி


மார்ச் 25

அண்ணி!

ஒன்பது நாள்! ஒன்பது நாள் அந்த உறுமலைத் தனியாக வைத்துக்கொண்டு ரசித்தீர்களா? நான் இங்கே ஆம்பை உதைத்துக்கொண்டிருந்தேன்! கோபம் கோபமாக வருகிறது. இதற்கு மேல் எழுதினால் ஏதாவது சொல்லிவிடுவேன். போய் வாசித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாசித்துவிட்டேன்.

உறுமியது. மோட்டார் அறைக் கதவைத் திறந்துகொண்டு என் கூட வேலை செய்கிறவர் ஓடி வந்தார். "கியர் கடிச்சிடுச்சா? உள்ள ஆள் மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டார். "இல்ல, எங்கண்ணி" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

விரல் எரிகிறது. கோபம் பாதி போய்விட்டது. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வாலு


ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

தேதியைப் பார்த்துவிட்டு விளையாட்டு என்று நினைக்காதீர்கள். எல்லாம் உண்மை.

மண்டபத்துக்கு மூன்றே முக்காலுக்கே போய்விட்டேன். பகல் வெளிச்சத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்து ஓர் அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவருடைய கிட்டாரே என்னுடைய ஆறு மாதச் சம்பளம் இருக்கும், ஆனால் தாளத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்னொருவர் நன்றாக வாசித்தார். இடம் போய்விட்டது என்று நினைத்தது அவரைக் கேட்டபோதுதான்.

என் முறை வந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் குச்சியால் நாலு தட்டினார். நான் ஓடவில்லை அண்ணி. உங்கள் தலை மேல் சத்தியம், ஓடவில்லை. விரலைப் படுக்கப் போட்டேன், அடித்தேன், முழு லீட்டும் வந்தது. உங்கள் பாதியும் என் கையில்தான் இருந்தது, ஆனால் அது உங்களுடையது என்று ஒவ்வொரு சுரத்திலும் தெரிந்தது. தரை துடைத்த அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது.

முடிந்ததும் கண்ணாடிக் கடைக்காரர், "இடம் உனக்குத்தாம்மா. ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு வரி தொடங்கறப்பவும் இடது பக்கம் திரும்பித் தலையாட்டுறியே, அங்க யாரு?" என்றார்.

நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது. "எங்கண்ணி" என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேர்னு சொன்னியே, அவங்கதானா? அவங்களுக்கும் இது முழுசா வருமா?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் முதலில் வந்தது என்றேன். குச்சியைத் தொடையில் நாலு முறை தட்டினார். "அப்ப ஆளுக்கு ரெண்டு கம்பின்னா நாலு. கேட்டுப் பார்க்கலாமே" என்றார்.

அண்ணி, உங்கள் பாதிக்காகத்தான் எழுதினேன் என்றா நினைத்தீர்கள்? அந்த லீட் எந்த ரெக்கார்டிலும் எந்த வாத்தியாரிடமும் கிடைக்கும். மூன்று வருடம் பின் அறையில் என்னைத் திட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த ஆள் எங்கே கிடைப்பார்? எனக்கு எழுதுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கடைக்காரர் கிடைத்தார்.

பதினோராம் தேதி சனிக்கிழமை எனக்கு முதல் வாசிப்பு. வருவீர்களா? கேட்பதற்கு அல்ல, வாசிப்பதற்கு.

உங்கள்
வாலு


ஏப்ரல் 5

என் வாலுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மறுபடியும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன்" என்கிற இடத்தில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வெங்காயம் என்று சொன்னார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்துவைத்து அந்த லீட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். சத்தத்துக்காகத்தான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போனேன். "ரெண்டு பேரா வாசிக்கிறீங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

அதனால் வருகிறேன். ஆனால் பாதி வாசிக்க வரவில்லை, அதைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லிவை. முதல் லீட் நீ எடு. இரண்டாவது முழுக்க என்னுடையது, குறுக்கே விரலை வைத்தால் தெரியும் சேதி. மூன்றாவதை நாலு கம்பியில் சேர்ந்து வாசிப்போம். நொண்டியடித்தால் இருவரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்.

ரயில் பதினொன்றரைக்கு வருகிறது. கிட்டாரையும் ஆம்பையும் தூக்க உன் அண்ணனும் வருகிறார். வாசித்து முடித்த பிறகு அபிப்பிராயம் எதுவும் சொல்லக் கூடாது என்று இப்போதே எழுதி வாங்கிவிட்டேன்.

உன்
அண்ணி